பிரிட்டனி: எந்த நகரத்தில் தங்குவது, எந்தச் சாலையில் போவது?

கடலோரன்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் லியோனில் வசிக்கிறோம். ஜூலையில் அப்பாவும் அம்மாவும் புதுச்சேரியிலிருந்து வருகிறார்கள். பாரிஸ், ஐஃபல் கோபுரம் எல்லாம் போன முறையே பார்த்தாயிற்று. இந்த முறை பிரான்சின் மேற்குக் கோடியில் இருக்கும் பிரிட்டனிக்குத்தான் போகவேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். அதிலும் லோரியானைப் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டாராம். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் அங்கிருந்துதான் நம் கடற்கரைக்கு வந்தன என்று பள்ளி நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்.

என் திட்டம் இதுதான். ரென் நகரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தினமும் காலையில் காரில் ஒரு திசைக்குப் போய் இரவு திரும்பிவிடுவது. ஒருநாள் சேன்-மாலோ, ஒருநாள் பிரெஸ்ட், ஒருநாள் கேம்பேர், ஒருநாள் லோரியான், ஒருநாள் மோன்-சேன்-மிஷேல். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஓரிடத்தில் பெட்டியைத் திறந்துவிட்டால் மறுபடி மூட அவருக்கு மனம் வராது. இது நடக்குமா? சுங்கம் எவ்வளவு ஆகும்? நடுப்பகுதியில் பார்க்க ஏதாவது உண்டா, இல்லை வெறும் வயல்வெளிதானா?

ரென் குடிமகன்:

வாருங்கள் தம்பி. பல ஆண்டுகளாக ரென்னில் இருப்பவன் என்ற முறையில், ரென்னில் தங்கவேண்டாம் என்று நானே சொல்லவேண்டியிருக்கிறது. குறைந்தபட்சம் முழுப் பயணத்துக்கும் வேண்டாம்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பிரிட்டனி அட்லாண்டிக்கை நோக்கி நீண்டிருக்கும் ஒரு தீபகற்பம். ரென் தலைநகர்தான், ஆனால் கிழக்கு எல்லையில், தீபகற்பத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. மேற்கு முனையில் இருக்கும் பிரெஸ்ட்டுக்கு இங்கிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர். போய்வர ஐந்து மணி நேரம் காரிலேயே கழிந்துவிடும். கேம்பேரும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். அம்மாவின் முழங்காலுக்குப் பெட்டி மூடுவதைவிட இது பெரிய தண்டனை.

நிர்வாகப் பிரிவில் நான்கு மாவட்டங்கள். கிழக்கே ரென்னைத் தலைமையிடமாகக் கொண்ட இல்-எ-விலேன். வடக்கே கோத்-தார்மோர், அதன் தலைநகர் சேன்-பிரியோ. தெற்கே மோர்பியான், அதற்கு வான் நகரம். மேற்கு முனை ஃபினிஸ்தேர். அதன் தலைமையிடம் கேம்பேர், ஆனால் பெரிய ஊர் பிரெஸ்ட். இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள கௌரவப் பிரச்சினையில் நீங்கள் தலையிடாமல் இருப்பது நல்லது.

அளவில் பார்த்தால் ரென்னில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கிறார்கள். பிரெஸ்ட்டில் சுமார் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதற்கடுத்த கேம்பேரோ அறுபதாயிரத்துக்குச் சற்று மேல்தான். லோரியான், வான், சேன்-மாலோ, சேன்-பிரியோ எல்லாம் அதற்கும் கீழே. பெருநகரம் என்று சொல்ல ஒன்றிரண்டுதான். மற்றவை கடலோரமாகக் கோத்த நடுத்தர ஊர்கள். அதனால்தான் ஒரே ஊரை மையமாக வைத்துச் சுற்றும் திட்டம் இங்கே எடுபடுவதில்லை.

லாரிக்காரர்:

குடிமகன் ஐயா ஊர்களைச் சொல்லிவிட்டார். நான் சாலைகளைச் சொல்கிறேன். ஓய்வு பெறும்வரை பாரிஸ் அருகே ரூன்ஜிஸ் மொத்தச் சந்தைக்குக் காய்கறி, மீன் ஏற்றிவந்த சாலைகள் இவை. எனக்கு நகரங்களைவிட அவற்றின் வெளிவழி எண்கள்தான் நன்றாக நினைவிருக்கின்றன.

முதலில் சுங்கம். பாரிஸ் பக்கமிருந்து வந்தால் ஏ.81 நெடுஞ்சாலையில் லா கிராவெல் சுங்கச்சாவடிதான் கடைசி. அதைத் தாண்டி ஆர்.என். (தேசியச் சாலை) 157-இல் ஏறி, வித்ரேயைக் கடந்து ரென் வந்துவிட்டால், அதற்கு மேற்கே எந்தச் சாவடியும் கிடையாது. கடல் வரும்வரை இலவசம்தான். வடக்கே கான் நகரத்திலிருந்து வரும் ஏ.84-உம் இலவசம்.

இப்போது சாலைகளின் எலும்புக்கூடு. ரென்னிலிருந்து வடக்குக் கரையோரமாக ஆர்.என். 12: சேன்-பிரியோ, கேங்காம், மோர்லே, பிரெஸ்ட். நாந்த்திலிருந்து தெற்குக் கரையோரமாக ஆர்.என். 165: வான், லோரியான், கேம்பேர், பிறகு வடக்கே திரும்பி அதே பிரெஸ்ட். இந்த இரண்டையும் கிழக்கில் ரென்–நாந்த் இடையிலான ஆர்.என். 137 இணைக்கிறது. அதே 137 ரென்னிலிருந்து வடக்கே சேன்-மாலோவுக்கும் போகிறது. ரென்னிலிருந்து லோரியானுக்குக் குறுக்கே வெட்டிப் போவது ஆர்.என். 24, ப்ளோயெர்மெல் வழியாக, சுமார் 150 கிலோமீட்டர். ப்ளோயெர்மெல்லில் பிரிந்தால் 166-இல் வான். நடுவில், இரண்டு கரைகளுக்கும் இடையே, ஆர்.என். 164. இவ்வளவுதான். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் ஜிபிஎஸ் இல்லாமலேயே ஓட்டலாம்.

இவற்றில் பெரும்பாலானவை நான்குவழிச் சாலைகள், நடுவில் தடுப்பு உண்டு, சிக்னல் கிடையாது. பார்வைக்கு ஆட்டோரூட் என்ற அதிவேக நெடுஞ்சாலை போலவே இருக்கும்; ஆனால் வேகவரம்பு 130 அல்ல, 110. மழை பெய்தால் 100. பிரிட்டனியில் மழை பெய்யும், சந்தேகமே வேண்டாம். வழியில் ஆட்டோரூட்டில் இருப்பதுபோன்ற பெரிய ஓய்விடங்கள் குறைவு. பெட்ரோலுக்கு வெளிவழியில் இறங்கி ஊருக்குள் இருக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகவேண்டும். அதில் ஒரு நன்மை: விலை குறைவு.

தேவி_கேம்பேர்:

சுங்கம் இல்லாததற்குக் காரணம் ஆன் சீமாட்டி! பிரிட்டனியின் கடைசி ஆட்சியாளரான அவர் பிரெஞ்சு அரசரை மணந்தபோது, "என் மக்கள் என் மண்ணில் நடக்கக் காசு கொடுக்கமாட்டார்கள்" என்று நிபந்தனை விதித்தாராம். அதை இன்றுவரை மதிக்கிறார்கள். எங்கள் தெருவில் கிரேப் என்ற தோசைபோன்ற பண்டம் விற்கும் பாட்டி சொன்னது. கடலோரன், அப்பாவிடம் சொல்லுங்கள், ரசிப்பார்.

பழைய ஏடு:

தேவி அம்மா, பாட்டி சொன்ன கதை அழகானது. ஆனால் அது வெறும் கதை.

ஆன் சீமாட்டி இறந்தது 1514-இல். பிரிட்டனி பிரான்சுடன் முறைப்படி இணைந்தது 1532-இல். அந்த இணைப்பின்போது தரப்பட்ட உறுதிகளில், பிரிட்டனியின் சபை ஒப்புக்கொள்ளாமல் புதிய வரி விதிக்கக்கூடாது என்பது உண்டு. சாலைச் சுங்கம் பற்றி ஒரு சொல் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய மன்னராட்சிக் காலத்தில் பிரிட்டனியிலும் பாலத்துக்குப் பாலம், துறைக்குத் துறை காசு வாங்கிக்கொண்டுதான் ஆளை விட்டார்கள்.

இலவசச் சாலைக்கு உண்மையான காரணம் இன்னும் சுவையானது. 1950-இல் பிரிட்டனியின் அரசியல்வாதிகள், வணிகர்கள், தொழிற்சங்கத்தினர் எல்லாம் கட்சி பாராமல் சேர்ந்து 'செலிப்' என்ற குழுவை அமைத்தார்கள். தலைவர், முன்னாள் பிரதமர் ரெனே பிளேவன். பாரிஸ் நம்மைக் கைவிட்டுவிட்டது, சாலையில்லை, தொழிற்சாலையில்லை, இளைஞர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் அவர்களின் முறையீடு. காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் பாரிஸில் யார் படிக்கிறார்கள்? 1961 ஜூன் 8 விடியற்காலையில், விளைபொருள் விலை வீழ்ச்சியால் கொதித்துப்போன விவசாயிகள் மோர்லே நகரத் துணை ஆட்சியர் அலுவலகத்துக்குள் புகுந்து அதைக் கைப்பற்றிவிட்டார்கள். முன்னால் நின்றவர் அலெக்சி கூர்வென்னெக் என்ற இளம் விவசாயி. கைது செய்தார்கள், வழக்குப் போட்டார்கள், விடுதலையானார்.

அதே ஆள் பிறகு அரசிடம் கேட்டவற்றில் முக்கியமானவை இரண்டு: நான்குவழிச் சாலை, ரோஸ்கோஃபில் ஆழ்கடல் துறைமுகம். இரண்டும் கிடைத்தன. துறைமுகம் தயாரானதும் கப்பல் ஓட்ட எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. விவசாயிகளே கம்பெனி தொடங்கினார்கள். 1973 ஜனவரியில் ரோஸ்கோஃபிலிருந்து இங்கிலாந்தின் பிளிமத்துக்குக் காய்கறி லாரிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது முதல் கப்பல். இன்று சேன்-மாலோவிலும் ரோஸ்கோஃபிலும் நீங்கள் பார்க்கும் 'பிரிட்டனி ஃபெரீஸ்' அதுதான். கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) விற்கப் புறப்பட்டவர்கள் இன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சாலைத் திட்டம் 1968 அக்டோபரில் முடிவானது. அந்த ஆண்டு மே மாத மாணவர், தொழிலாளர் கலவரம் முடிந்த சூடு ஆறாத நேரம் என்பதைக் கவனியுங்கள். 1969 பிப்ரவரி 2-ஆம் தேதி அதிபர் தெகோல் கேம்பேருக்கே வந்து பேசினார். 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டோரூட்டை ஒப்பந்தத்துக்கு விட்டுச் சுங்கம் வசூலிக்க வழிசெய்திருந்தது. பிரிட்டனியில் அந்த வழியில் போகவில்லை. ஏற்கெனவே இருந்த தேசியச் சாலைகளையே அரசுப் பணத்தில் நான்குவழியாக அகலப்படுத்தினார்கள். ஆட்டோரூட் அல்ல என்பதால் சுங்கமும் இல்லை, வேகமும் 110.

தேவி_கேம்பேர்:

ஆவணமெல்லாம் சரி ஐயா. ஆனால் ஒரு மக்கள் கூட்டம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த பெண்மணியின் பெயரைச் சொல்லிச் சாலைக்குக் காசு கொடுக்க மறுக்கிறது என்றால், அந்தக் கதைக்கும் சக்தி இருக்கிறது என்றுதான் பொருள். நான் பாட்டி பக்கம்தான்.

லாரிக்காரர்:

அந்தச் சக்தியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2013-இல் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 'எக்கோதாக்ஸ்' என்று ஒரு வரி கொண்டுவந்தார்கள். சாலைக்குக் குறுக்கே பெரிய வளைவுகளை நிறுத்தி, அதில் கேமரா பொருத்தி, கடந்துபோகும் ஒவ்வொரு லாரியையும் கணக்கெடுக்கும் ஏற்பாடு. சந்தையிலிருந்து தூரமாக இருக்கும் எங்களைப்போன்றவர்களுக்குக் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் வலி.

அக்டோபர் 26 அன்று ஆர்.என். 165-இல் போன்-த-புவி ஊருக்கு அருகே இருந்த வளைவின் முன் விவசாயிகள், லாரிக்காரர்கள், தொழிலாளர்கள் எல்லாரும் சிவப்புக் குல்லாய் அணிந்து திரண்டார்கள். கண்ணீர்ப்புகை, கல்வீச்சு எல்லாம் நடந்தது. மூன்றே நாளில் அரசு வரியை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு கைவிட்டேவிட்டது. நாடு முழுவதற்குமான வரி, பிரிட்டனியின் ஒரு சாலையில் செத்தது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே குல்லாயைப் போட்டுக்கொண்டு நின்றது எனக்கு அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. அது வேறு விஷயம்.

பழைய ஏடு:

சிவப்புக் குல்லாய் திடீரென்று முளைத்ததல்ல. 1675-இல் பதினான்காம் லூயி முத்திரைத்தாள் வரி போட்டபோது மேற்குப் பிரிட்டனி விவசாயிகள் அணிந்து கிளர்ந்தெழுந்த அதே குல்லாய். அந்தக் கலகத்துக்குக் கிடைத்த பதில் தூக்குமேடை.

நாந்த் நளினி:

எல்லோரும் நாந்த்தை ஏதோ வழிப்போக்கர் சத்திரம் மாதிரி குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோகிறீர்களே! பிரிட்டனி கோமகன்களின் கோட்டை எங்கே இருக்கிறது? நாந்த்தில். நீங்கள் இவ்வளவு நேரம் பேசிய ஆன் சீமாட்டி எங்கே பிறந்தார்? அதே கோட்டையில். 1941-இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்து விஷி அரசு ஓர் ஆணையில் எங்கள் மாவட்டத்தைப் பிரிட்டனியிலிருந்து பிரித்தது. போருக்குப் பிறகு வந்தவர்களும் அந்தப் பிரிவினையை மாற்றவில்லை. இன்று காகிதத்தில் நாங்கள் 'லுவார் வட்டாரம்'. மனத்தில் அல்ல.

ரென் குடிமகன்:

நளினி அக்கா, மறுக்கவில்லை. நடைமுறையிலும் ஆர்.என். 165 நாந்த்திலிருந்துதான் தொடங்குகிறது. தெற்குப் பிரிட்டனியின் வாசல் நாந்த்தான், ரென் அல்ல. லியோனிலிருந்து காரிலேயே வருபவருக்கு அது பொருத்தமான நுழைவாயில். ரயிலில் வருவதானால் ரென். லியோனிலிருந்து நேரடி டி.ஜி.வி. (அதிவேக ரயில்) உண்டு. 2017 ஜூலையில் புதிய அதிவேகப் பாதை திறந்தபிறகு பாரிஸிலிருந்து ரென்னுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு.

இன்னொன்று. கடலோரன் பட்டியலில் மோன்-சேன்-மிஷேல் இருக்கிறது. அது நார்மண்டியில் இருக்கிறது. ரென்னிலிருந்து 75 கிலோமீட்டருக்குள்தான், போய்விட்டு வாருங்கள். ஆனால் அங்கே நின்றுகொண்டு "பிரிட்டனி அழகு" என்று சத்தமாகச் சொல்லவேண்டாம்.

கடலோரன்:

நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அப்பாவுக்கு வரிசையாகப் படித்துக்காட்டிக்கொண்டிருக்கிறேன். லாரிக்காரர் ஐயா சொன்ன குல்லாய்ப் போராட்டத்தை இரண்டாவது முறை படிக்கச் சொன்னார். நடுப்பகுதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? 164-ஐ லாரிக்காரர் ஐயா ஒரு வரியில் முடித்துவிட்டார்.

சைக்கிள் சித்தர்:

நான் திறக்கிறேன். நடுப்பிரிட்டனியைத் தெரிந்துகொள்ள கார் உதவாது என்பது என் கட்சி. ஆனால் அப்பா, அம்மாவை மிதிக்கச் சொல்ல முடியாது.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை 'பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்' என்று ஒரு நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. 1891-இல் பந்தயமாகத் தொடங்கியது. இப்போது போட்டியில்லை, ஏறத்தாழ 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும், அவ்வளவுதான். அண்மைக் காலத்தில் இந்தியாவிலிருந்தும் நிறையப் பேர் வருகிறார்கள். அந்தப் பாதை ஆர்.என். 12-ஐயும் 165-ஐயும் தொடாமல் ஃபூஜேர், தேந்தேனியாக், லுதேயாக், காரே என்று நடுவயிற்றின் வழியாகவே போகிறது. லுதேயாக்குக்கு அப்பால் பாதை ஒரே ஏற்ற இறக்கம். உயர்ந்த மலை எதுவும் கிடையாது. ஆனால் ஒரு மேட்டை ஏறி முடித்தால் அடுத்தது காத்துக்கொண்டிருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஏதோ ஒரு குக்கிராமத்தில், வீட்டு வாசலில் மேசை போட்டு, பிளாஸ்க்கில் காபியும் தட்டில் கிரேப்பும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும். காசு நீட்டினால் வாங்கமாட்டார்கள். ஊர் திரும்பியதும் ஒரு தபாலட்டை போடச் சொல்வார்கள். சுவரில் அப்படி வந்த அட்டைகளை ஒட்டிவைத்திருப்பார்கள்.

காரே உரோமானியர் காலத்தில் வோர்கியம் என்ற தலைநகர். அங்கிருந்து எல்லாத் திசைக்கும் சாலைகள் விரிந்தன. பின்னாளில் மீட்டர் பாதை ரயில்களும் அதே ஊரிலிருந்துதான் ஐந்து திசைகளுக்குப் போயின. 1967-இல் அந்த வலையை மூடிவிட்டார்கள். கேங்காம்–காரே கிளை மட்டும் பிரான்சின் வழக்கமான அளவுள்ள ரயில்பாதையாக மாறித் தப்பியது. பிறகு வந்த நான்குவழிச் சாலைகளும் கரையோரத்துக்கே முன்னுரிமை கொடுத்தன. ஆர்.என். 164 அதே 1968 திட்டத்தில் இருந்த சாலைதான். துண்டு துண்டாக அகலப்படுத்திக்கொண்டே வந்து, கடைசிப் பகுதிகளின் வேலை 2020-களிலும் நடந்துகொண்டிருந்தது. அரை நூற்றாண்டு! கடலோரத்தில் ஊர்கள் வளர்ந்தன, நடுவில் பள்ளிக்கூடங்கள் மூடின. சாலை எங்கே முதலில் போட்டார்கள் என்பதை வைத்தே ஒரு வட்டாரத்தின் தலையெழுத்தைப் படித்துவிடலாம்.

அதற்காகப் பார்க்க எதுவுமில்லை என்று பொருளல்ல. 164-இல் வந்தால் மூர்-த-பிரெத்தாஞ் அருகே கெர்லேதான் ஏரி. 1930-இல் கட்டிய அணை தேக்கிய நீர். நாந்த்–பிரெஸ்ட் கால்வாய் அந்த ஏரிக்கடியில் அறுபட்டுக் கிடக்கிறது. கடலை ஆங்கிலேயர் அடைத்துவைத்திருந்த நெப்போலியன் காலத்தில், பிரெஸ்ட்டுக்கு உள்நாட்டு வழியாகச் சரக்கு கொண்டுபோகத் திட்டமிட்ட கால்வாய் அது. வேலை முடிவதற்குள் நெப்போலியனே போய்ச்சேர்ந்துவிட்டார். இன்று அதன் கரைப்பாதை முழுவதும் சைக்கிள்காரர்களுக்கு. பக்கத்தில் போந்திவி நகரத்தில் அதே நெப்போலியன் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஒரு புதுப்பேட்டையை அமைத்து, ஊருக்குத் தன் பெயரையும் வைத்துக்கொண்டார். ஆட்சி மாறும்போதெல்லாம் ஊரின் பெயரும் மாறியது.

ஓர் எச்சரிக்கை: ஜூலை நடுவில் காரேயில் 'வியேய் ஷாரு' இசை விழா. அந்த நாட்களில் 164 பக்கமே வரவேண்டாம்.

பழைய ஏடு:

கடலோரன், உங்கள் தந்தைக்காக லோரியான் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் அவர் ஏமாந்துபோவார்.

பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1664-இல் கிழக்கிந்தியக் கம்பெனியை அமைத்தார். 1666-இல் அதற்குக் கப்பல் கட்ட ஓர் இடம் கொடுத்தார்கள். அதுவரை அங்கே ஊர் என்று சொல்லும்படியாக எதுவும் இல்லை. அங்கே கட்டிய பெரிய கப்பலின் பெயர் 'சொலேய் தோரியான்'. ஊருக்குப் பெயர் அந்தக் கப்பலிலிருந்து வந்ததுதான். பிரிட்டனியின் மற்ற ஊர்களுக்கு ஆயிரம் ஆண்டு வேர் இருக்கிறது. லோரியானோ நம் கடற்கரையின் துணிக்காகவும் மிளகுக்காகவும் சீனத் தேயிலைக்காகவும் உண்டான ஊர். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை கப்பல் வரவை எதிர்பார்த்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாரே, அந்தக் கம்பெனிக் கப்பல்களின் தாய்த்துறை இதுதான்.

ஒரு வேடிக்கை: 1686 முதல் 1759 வரை பிரான்சுக்குள் இந்திய அச்சுத்துணியை விற்பதும் உடுத்துவதும் சட்டப்படி தடை. உள்ளூர் நெசவாளர்களைக் காப்பாற்றப் போட்ட தடை. ஆனாலும் சீமாட்டிகள் உடுத்தாமல் இல்லை.

இப்போது ஏமாற்றத்துக்கு வருகிறேன். லோரியானில் பழைய நகரம் இல்லை. 1943 தொடக்கத்தில் நேசநாட்டு விமானங்கள் ஊரைத் தரைமட்டமாக்கிவிட்டன. குறி, ஜெர்மானியர் கெரோமானில் கட்டியிருந்த நீர்மூழ்கித் தளம். ஊர் அழிந்தது, தளத்தின் கான்கிரீட் அசையவில்லை. இன்றும் நிற்கிறது; போய்ப் பார்க்கலாம். கம்பெனியைத் தேடுபவர்கள் விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் போர்-லூயி கோட்டைக்குப் போகவேண்டும். அங்கேதான் கிழக்கிந்தியக் கம்பெனி அருங்காட்சியகம். லோரியானிலிருந்து சிறு படகில் போகலாம், அப்பாவுக்கு அதுவே பிடிக்கும். சோழமண்டலக் கரையின் பருத்தித்துணி, சீனப் பீங்கான், கப்பல் மாதிரிகள் எல்லாம் உள்ளே. ஆகஸ்ட் தொடக்கத்தில் கெல்ட்டிக் இசை விழா நடக்கும்போது அறை கிடைக்காது. நீங்கள் ஜூலையில் வருவதால் பிழைத்தீர்கள்.

சேன்-மாலோவையும் இதோடு சேர்த்துச் சொல்லுங்கள். 1746 செப்டம்பரில் சென்னைக் கோட்டையைப் பிடித்த மாயே த லா பூர்தொன்னே அந்த ஊரில் 1699-இல் பிறந்தவர். சென்னையை என்ன செய்வது என்பதில் டூப்ளேக்ஸுடன் சண்டை போட்டுக்கொண்டு பிரான்சுக்குத் திரும்பியவரைப் பாஸ்தீய் சிறையில் அடைத்தார்கள். குற்றமற்றவர் என்று வெளியே விட்டபோது உடம்பு போய்விட்டது, 1753-இல் இறந்தார். அவர் பிறந்த சேன்-மாலோவும் 1944-இல் எரிந்தது. ஆனால் அங்கே மதிலுக்குள் பழைய தோற்றத்திலேயே கருங்கல்லில் திரும்பக் கட்டினார்கள். லோரியான் புதிய ஊராக எழுந்தது. எது சரி என்று கேட்டால், வாழ்பவர்களுக்கு லோரியான், பார்ப்பவர்களுக்குச் சேன்-மாலோ.

தேவி_கேம்பேர்:

என் யோசனை: கேம்பேரில் தங்குங்கள். சொந்த ஊர்ப் பாசம் என்று நினைக்கவேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். லோரியான் கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர், பிரெஸ்ட் வடக்கே சுமார் 70, இரண்டுமே 165-இல். மேற்கே கடைசி முனையான ரா முனைக்கு 50 கிலோமீட்டர்தான். துவார்னனே, கோன்கார்னோ எல்லாம் பக்கத்திலேயே. துவார்னனே சாளைமீன் டப்பாத் தொழிற்சாலைகளின் ஊர். குயின்-அமான் என்ற வெண்ணெய்ப் பணியாரம் பிறந்ததும் அங்கேதான். சர்க்கரை உள்ளவர்கள் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளவும்.

கேம்பேர் நகரமும் அம்மாவுக்கு ஏற்றது. ஓதே ஆற்றங்கரையில் சமதளமாக நடக்கலாம். சிறு சிறு நடைபாலங்கள், எல்லாவற்றிலும் பூந்தொட்டி. தேவாலயத்துக்குள் போனால் நடுவில் நின்று பலிபீடத்தைப் பாருங்கள். கட்டடம் ஓரிடத்தில் இடப்பக்கம் சாய்ந்து வளைந்திருப்பது தெரியும்.

ரென் குடிமகன்:

தேவி சொல்வது சரி. பிரெஸ்ட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல், ஏனென்றால் யாரும் அதை அழகு என்று சொல்லமாட்டார்கள். 1944-இல் முற்றுகையில் நொறுங்கி, அவசரமாகச் சாம்பல் நிறத்தில் எழுந்த கடற்படை ஊர். எனக்கு அந்த ஊரைப் பிடிக்கும். 'சியாம் தெரு' என்ற நேரான தெரு மேட்டிலிருந்து துறைமுகத்தை நோக்கி இறங்குகிறது. 1686-இல் சயாம் அரசரின் தூதர்கள் கரையிறங்கி ஊர்வலமாகப் போன வழி. தெருவின் கோடியில் தூக்குப்பாலம், பக்கத்தில் 2016 முதல் ஆற்றுக்கு மேல் ஓடும் கேபிள் கார். சாதாரண டிராம் டிக்கெட்டே போதும். அம்மா ஒரு படி ஏறாமல் துறைமுகம் முழுவதையும் பார்த்துவிடலாம். கேம்பேரிலிருந்து வரும்போது புளுகாஸ்தெல் அருகே இருவாஸ் பாலத்தில் கடல்கழியைக் கடப்பீர்கள். வலப்பக்கம் தெரியும் பழைய வளைவுப்பாலம் 1930-இல் ஃப்ரேசினே கட்டியது. இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் விட்டுவிட்டார்கள்.

ரென்னைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை அமையும்படி. லீஸ் சதுக்கத்துச் சந்தை அன்றுதான். வரிசை நீளமாக இருக்கும் வண்டியில் ஒரு கலெத்-சோசீஸ் வாங்குங்கள். பக்வீட் மாவில் தோசைபோல் மெல்லியதாக வார்த்து ஆறவைத்ததை எடுத்து, கரியடுப்பிலிருந்து எடுத்த பன்றித் தொத்திறைச்சியை அதில் சுருட்டி, ஒரு காகிதத் துண்டில் வைத்துக் கையில் கொடுப்பார்கள். கடுகுச் சாந்து கேட்டால் பின்னால் நிற்பவர் முறைப்பார். சைவம் என்றால் முட்டையும் சீஸும் வைத்த கலெத் எங்கும் கிடைக்கும். பிறகு பக்கத்துத் தெருக்களில் பாருங்கள்: மரச்சட்டம் வைத்த கோணல் வீடுகள் ஓரிடத்தில் சட்டென்று நின்று, நேர்க்கோட்டில் கருங்கல் தெருக்கள் தொடங்கும். 1720 டிசம்பரில் பிடித்த தீ அந்த எல்லையில்தான் நின்றது.

கடலோரன்:

அப்படியானால் திட்டத்தை இப்படி மாற்றுகிறேன். ரயிலில் ரென் வந்து காரை எடுத்துக்கொண்டு ஆர்.என். 24-இல் நேரே லோரியான், அப்பாவின் போர்-லூயியைப் பார்த்துவிட்டு 165-இல் கேம்பேர். பயணத்தின் பெரும்பகுதி அங்கேயே தங்கல். பிறகு ஷத்தோலேன் வரை 165, அங்கிருந்து 164-இல் நடுப்பகுதி வழியாகக் காரே, கெர்லேதான், லுதேயாக் என்று ரென்னுக்குத் திரும்பல். கடைசி நாட்களில் ரென்னிலிருந்து சேன்-மாலோ. பெட்டியை ஒரே ஒருமுறை மாற்றினால் போதும் என்று சொன்னதும் அம்மா ஒப்புக்கொண்டார். மோன்-சேன்-மிஷேல் அடுத்த முறைக்கு. வடக்குக் கரையில் மோர்லே, சேன்-பிரியோ விடுபடுகின்றனவே, நட்டமா?

லாரிக்காரர்:

மோர்லே நட்டம்தான். ஊருக்கு நடுவே வீடுகளின் தலைக்கு மேல் 58 மீட்டர் உயரத்தில் ரயில் பாலம் நிற்கும், ஆர்.என். 12-இல் போகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. பிரெஸ்ட் போகும் நாளில் காலையில் சீக்கிரம் கிளம்பினால், அங்கிருந்து 60 கிலோமீட்டர்தான், சேர்த்துவிடலாம். சேன்-பிரியோவில் நான்குவழிச் சாலையே உயர்ந்த பாலங்களில் பள்ளத்தாக்குகளைத் தாண்டிப் போகிறது. அதில் ஓட்டியபடியே ஊரைப் பார்த்தாயிற்று என்று கணக்கு வைத்துக்கொள்ளும் ஆட்கள் நிறைய. அதை விட்டுவிடலாம்.

சில நடைமுறைக் குறிப்புகள். மேற்கே போகப்போகப் பலகைகளில் இரண்டு பெயர்கள் இருக்கும்: மேலே பிரெஞ்சு, கீழே பிரிட்டனியின் சொந்த மொழியான பிரெத்தோன். மோர்லேயின் கீழே 'மோன்ட்ரூலெஸ்' என்று பார்த்துவிட்டு வழி மாறிவிட்டது என்று அம்மா பதறவேண்டாம். 110 சாலையிலிருந்து கிராமச் சாலைக்கு இறங்கினால் வரம்பு பல இடங்களில் 80. ஊருக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிடவேண்டும். ரவுண்டானாக்கள் எண்ணிலடங்கா.

சேன்-மாலோவிலிருந்து தினார் போவதானால் ரான்ஸ் கழிமுகத்தின் மீதுள்ள அணைச் சாலையில் போகவேண்டும். 1966-இல் திறந்த, கடலின் ஏற்றவற்றத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் அது. உங்கள் காருக்கு அடியில்தான் 24 டர்பைன்கள் சுற்றும். ஆனால் படகுகள் கடக்கும் நேரத்தில் சாலையின் ஒரு பகுதியை அப்படியே தூக்கிவிடுவார்கள். ஜூலை மாதத்தில் அந்த வரிசையில் மாட்டினால் எஞ்சினை அணைத்துவிட்டு வெளியே இறங்கி நிற்கவேண்டியதுதான். அவசரம் என்றால் தெற்கே ஆர்.என். 176-இல் இருக்கும் ஷத்தோபிரியான் பாலத்தைப் பிடியுங்கள்.

ரென் வட்டச்சாலையில் வெள்ளி மாலை நுழையவேண்டாம். பாரிஸ்காரர்கள் அத்தனை பேரும் அப்போதுதான் கடலுக்கு வருவார்கள். 164-இல் திரும்பும்போது காரேயிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்; ஞாயிற்றுக்கிழமையானால் சூப்பர்மார்க்கெட் மூடியிருந்தாலும் பெட்ரோல் பங்கில் வங்கி அட்டை வேலை செய்யும்.

நாந்த் நளினி:

காரில் வருபவர்கள் நாந்த் வழியாகவும் வரலாம் என்று குடிமகன் ஐயாவே ஒப்புக்கொண்டார். பதிவு செய்துகொள்கிறேன்.